ஒல்லியாக்கும் கேமரா... மாறிப்போகும் அளவுகோல்!

2006ஆம் ஆண்டு எச்பி நிறுவனம் தன் 'ஃபோட்டோஸ்மார்ட்' வரிசை டிஜிட்டல் கேமராக்கள் சிலவற்றில் ஒரு புது வசதியைச் சேர்த்தது. எடுத்த படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு மெனுவுக்குள் போய் 'ஸ்லிம்மிங்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். படத்தில் இருப்பவர் சில கிலோ இளைத்துவிடுவார். கேமரா ஆளைக் குண்டாகக் காட்டும் என்று காலங்காலமாகச் சொல்லப்படும் குறையை இந்தக் கேமரா சரிசெய்துவிடும் என்பதே விளம்பரத்தின் சாரம். அதே ஆண்டு, அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் மாலைச் செய்திக்குப் பொறுப்பேற்கவிருந்த கேட்டி கூரிக்கின் படத்தை அந்த நிறுவனத்தின் இதழே இடுப்பைக் குறைத்து வெளியிட்டு மாட்டிக்கொண்டது. கூரிக்கின் படம் பெரிய சர்ச்சையானது. ஆனால் இன்று திரும்பிப் பார்க்கும்போது, கூடுதல் கவலைக்குரியது அந்தக் கேமராதான் என்று படுகிறது. இதழில் நடந்தது ஒருவருடைய ஒரு படத்துக்கு, ஓர் அலுவலக அறைக்குள் நடந்த திருத்தம். கேமரா செய்தது, அந்தத் திருத்தத்தை எல்லார் கையிலும் ஒரு பொத்தானாகக் கொடுத்தது. எச்பி 2007இல் கேமரா தயாரிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. பொத்தான் மட்டும் விலகவில்லை, செல்ஃபோனுக்குள் குடியேறிவிட்டது.

ஒல்லியாகக் காட்டும் கேமராவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, 'இது அடுத்தவரை ஏமாற்றும் வேலை' என்ற குற்றச்சாட்டுதான் முதலில் வருகிறது. வரனுக்கு அனுப்பிய படத்துக்கும் நேரில் வந்த ஆளுக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரியான புகார்கள். அது சின்னப் பிரச்சினை. நேரில் பார்த்ததும் தீர்ந்துவிடும். நேரில் பார்த்தும் தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. எது சாதாரண உடல், எது பருத்த உடல் என்று மனசுக்குள் நாம் வைத்திருக்கும் கணக்கை இந்தக் கருவி நமக்குத் தெரியாமலே நகர்த்துகிறது. சரக்கில் கலப்படம் செய்தால் வாங்குகிறவருக்கு என்றாவது ஒருநாள் தெரிந்துவிடும். படிக்கல்லையே தேய்த்து வைத்துவிட்டால், எத்தனை தடவை நிறுத்தாலும் எடை சரியாக இருப்பதாகவே தோன்றும். இங்கே தேய்வது படிக்கல். அதனால்தான், 'இந்தப் படம் திருத்தப்பட்டது' என்று ஓரமாக ஒரு வரி போடுவதால் இது தீராது என்கிறேன். கடையிலிருந்து வாங்கி வரும்போது கேமரா எந்த நிலையில் வருகிறது, யார் முடிவின்படி உடலைத் திருத்துகிறது என்பதில் கை வைத்தால்தான் தீரும்.

இடுப்பு எப்படிக் குறைகிறது?

எச்பி கேமரா கையாண்ட உத்தி எளிமையானது. படத்தின் நடுப்பகுதியைப் பக்கவாட்டில் நெருக்கும், உயரத்தைத் தொடாது. நடுவில் நிற்பவர் இளைத்துத் தெரிவார். படத்தின் மொத்த அகலம் மாறாமல் நடுவை மட்டும் நெருக்கினால், அங்கே பிடுங்கிய இடத்தை ஓரங்களில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே இந்த முறையில், கல்யாண மேடையில் நடுவே நிற்கும் மணப்பெண் இளைக்க இளைக்க, ஓரத்தில் நிற்கும் சித்தப்பா அகலமாகிக்கொண்டு போவார். ஆள் எது, தூண் எது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அந்த உத்திக்கு இல்லை. ஆனால் அந்தக் கேமராவில் இரண்டு நல்ல குணங்கள் இருந்தன. படம் எடுத்த பிறகு, எடுத்தவர் கேட்டால்தான் இளைக்க வைக்கும். இளைத்த படத்தைத் தனிப் பிரதியாகச் சேமிக்கும்; அசல் அப்படியே இருக்கும். அந்த இரண்டு குணங்களும் அடுத்து வந்த கருவிகளில் காணாமல் போனதுதான் இந்தக் கதையின் முக்கியமான திருப்பம்.

இன்றைய ஃபோன் ஆளை அடையாளம் காணும். உதாரணத்துக்கு, கூகுள் வெளியிட்ட 'மீடியாபைப்' மென்பொருள் ஒரு முகத்தில் 468 புள்ளிகளையும் உடலில் 33 புள்ளிகளையும் குறித்துக்கொள்ளும். உடற்பயிற்சி சொல்லித்தரும் செயலி முதல் சைகை மொழி ஆய்வு வரை பல நல்ல காரியங்களுக்கு இது பயன்படுகிறது. ஒல்லியாக்கும் ஃபில்டரும் இதே வகை நுட்பத்தில்தான் ஓடுகிறது. தாடை ஓரத்துப் புள்ளிகளை முகத்தின் நடுக்கோட்டை நோக்கிக் கொஞ்சம் தள்ளு. இடுப்பு ஓரத்துப் புள்ளிகளை உள்ளே இழு. இடையில் இருக்கும் தோலையும் துணியையும் அதற்கேற்ப நெருக்கு. வீடியோவாக இருந்தால் இதை ஒரு நொடிக்கு முப்பது தடவை செய். திருட்டைக் காட்டிக்கொடுப்பது பின்னணிதான். ஆளுக்குப் பின்னால் கம்பிக் கதவோ சுவர் டைல்ஸோ இருந்தால் இடுப்புக்குப் பக்கத்தில் நேர்க்கோடுகள் உள்பக்கமாக வளைந்திருக்கும். வெறும் சுவர் முன்னால் நின்றால் அந்தத் தடயமும் கிடையாது. முகத்தை மட்டும் திருத்தும்போது அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் கூந்தல். அங்கே வளைவைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

இதற்கு ஒரு பெரிய சந்தை உருவான இடம் கிழக்கு ஆசியா. கேசியோவின் 'டிஆர்' வரிசைக் கேமராக்கள் 2011இலிருந்து சீனாவில் செல்ஃபிக்கென்றே தேடி வாங்கப்பட்டன. ஷியாமென் நகரில் 2008இல் தொடங்கிய மெய்ட்டு நிறுவனம், முகத்தையும் உடலையும் திருத்தும் செயலிகளை வைத்தே வளர்ந்து 2016 டிசம்பரில் ஹாங்காங் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே காலத்தில் இந்தியாவில் ஓப்போ போன்ற நிறுவனங்கள் செல்ஃபியை முன்னிறுத்தியே ஃபோன் விற்றன. 'பியூட்டி' என்ற வார்த்தை கேமராவின் ஓர் அம்சமாக, மெகாபிக்ஸலுக்குப் பக்கத்து வரியில் அச்சாகத் தொடங்கியது. திருத்தம் பல ஃபோன்களில் படம் எடுப்பதற்கு முன்னாலேயே, திரையில் முகம் தெரியும்போதே நடந்துவிடுகிறது. திருத்தாத முகத்தை அந்தத் திரை காட்டுவதே இல்லை. 2021இல் டிக்டாக்கில் இது உச்சத்துக்குப் போனது. சில ஆண்ட்ராய்ட் ஃபோன்களில், யாரும் கேட்காமலே, அணைக்க வழியும் இல்லாமல், ஒரு ஃபில்டர் சிலரின் தாடையை மெலிதாக்கிக் காட்டியது. அது தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்துவிட்டோம் என்றது நிறுவனம். கோளாறாகவே இருக்கட்டும். உடலின் வடிவத்தைக் கேட்காமல் மாற்றும் அளவுக்கு அந்த வசதி கேமராவின் அடிமட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்பதை அது காட்டிக்கொடுத்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கருவிகள் எல்லாம் ஒரே திசையில்தான் வேலை செய்கின்றன. தாடை குறுகும், கண் பெரிதாகும், மூக்கு ஒடுங்கும், தோல் வெளுக்கும். 2017இல் 'ஃபேஸ்ஆப்' செயலி கவர்ச்சியாகக் காட்டுவதாகச் சொன்ன ஃபில்டர், கறுத்த தோலை வெளுக்க வைத்தது. பயிற்சிக்குக் கொடுத்த படங்களின் பாரபட்சம்தான் காரணம் என்று சொல்லி அதன் தலைவர் மன்னிப்புக் கேட்டார். கறுப்பும் அழகுதான் என்ற பிரசாரத்தை 2009இல் தொடங்கியது 'விமன் ஆஃப் வொர்த்' என்ற சென்னை அமைப்பு. நிறத்தைப் பற்றிய அந்த விவாதம் நம் ஊரில் ஓரளவு நடந்திருக்கிறது. சிவப்பழகு க்ரீம் ஒன்று 2020இல் பெயரையே மாற்றிக்கொண்டது. உடலின் வடிவம் பற்றிய விவாதம் இன்னும் அந்த அளவுக்கு நடக்கவில்லை. பாக்கெட்டுக்குள் இருக்கும் கருவி இரண்டையும் ஒரே ஸ்லைடரில் செய்துகொண்டிருக்கிறது.

கண் பழகிப்போகும்

படிக்கல் தேய்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த விங்க்ளர், ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். பக்கவாட்டில் குறுக்கப்பட்ட பெண் உடல்களின் படங்களைச் சிறிது நேரம் பார்க்கச் செய்துவிட்டு, 'எது சாதாரணமான உடல்?' என்று கேட்டார்கள். முன்பு சொன்னதைவிட ஒடுங்கிய உடலையே பார்த்தவர்கள் சாதாரணம் என்றார்கள். இருட்டறையிலிருந்து வெளியே வந்தால் கண் கூசுவதும், கொஞ்ச நேரத்தில் அதே வெளிச்சம் சாதாரணமாகிவிடுவதும் எப்படியோ, அதே மாதிரியான தகவமைப்பு இது. மூளை சராசரியைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. சராசரி பொய்யாக இருந்தாலும் திருத்திக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி மேலே போனது. பிறரின் மாற்றப்பட்ட உடல்களைப் பார்ப்பதால் ஏற்படும் பழக்கம், தன் உடலைப் பற்றிய கணிப்புக்கும் ஓரளவு தாவுகிறது என்று அது கண்டது. இந்தப் பரிசோதனைகளில் மக்கள் பார்த்தது சில நிமிடங்கள்தான். ஃபோன் திரையில் நாம் பார்ப்பது எவ்வளவு நேரம் என்பதை அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் தன் முகம் தனக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நாம் நினைக்கிற அளவுக்குத் தெரியாது. அமெரிக்க உளவியலாளர்கள் நிக்கலஸ் எப்லி, எரின் விட்சர்ச் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொருவரின் புகைப்படத்தையும் அழகான முகத்தோடு கொஞ்சமும், அழகற்ற முகத்தோடு கொஞ்சமுமாகக் கலந்து வரிசையாக வைத்து 'உங்கள் முகம் எது?' என்றார்கள். அசலைவிட அழகாக்கப்பட்ட படத்தையே பலர் தங்கள் முகமென்று எடுத்தார்கள். இது தற்பெருமை என்று ஒதுக்கிவிடக்கூடிய விஷயமல்ல; மனித மனத்தின் இயல்பான சாய்வு. ஒல்லியாக்கும் கேமரா சரியாக இந்தச் சாய்வின் மேல்தான் ஏறி உட்காருகிறது. திருத்திய முகம் அந்நியமாகத் தோன்றினால் நாமே அதை நிராகரித்திருப்போம். அது 'இதுதான் நான்' என்று தோன்றுகிறது. பிறகு குளியலறைக் கண்ணாடியில் தெரிவதுதான் ஏதோ குறைபட்டதாகத் தோன்றுகிறது.

அடுத்தவர் படமும் இதே வேலையைச் செய்கிறது. மனிதன் தன்னை எடைபோட அடுத்தவரையே பார்க்கிறான் என்பதை லியோன் ஃபெஸ்டிங்கர் 1954லேயே ஒரு கோட்பாடாக எழுதினார். நெதர்லாந்தில் 14 முதல் 18 வயது வரையிலான 144 பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, அதற்கு இந்தக் காலத்து உதாரணம். இன்ஸ்டாகிராமில் வருவது மாதிரியான படங்களை ஒரு பகுதியினருக்கு அசலாகவும், மற்றவர்களுக்கு உடலை மெலிதாக்கியும் காட்டினார்கள். மெலிதாக்கிய படத்தைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் உடல் மீதான திருப்தி குறைந்தது. எப்போதும் பிறரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது இன்னும் அதிகம். என்னைக் கவலைப்பட வைப்பது அந்த ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு. வண்ண ஃபில்டர் போன்ற திருத்தங்களை அந்தப் பெண்கள் கண்டுகொண்டார்கள். உடல் வடிவம் மாற்றப்பட்டதைச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தப் படங்களை யதார்த்தமானவை என்றே நம்பினார்கள். நிறம் மாறினால் கண்ணுக்குப் படுகிறது, அகலம் மாறினால் படுவதில்லை.

ஊடகம் ஒரு சமூகத்தின் அளவுகோலை இப்படி மாற்றுமா என்று சந்தேகப்படுபவர்கள் ஃபிஜித் தீவைப் பார்க்க வேண்டும். அங்கே நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. புஷ்டியான உடலே செழிப்பின் அடையாளம் என்று நினைத்த சமூகம் அது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கரின் குழு 1995லும் 1998லும் பள்ளி மாணவிகளிடம் ஆய்வு நடத்தியது. உணவுப் பழக்கக் கோளாறைச் சுட்டும் மதிப்பெண் பெற்றவர்களின் பங்கு 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமானது. எடை குறைக்க வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் முதல் ஆய்வில் ஒருவரும் இல்லை. மூன்று ஆண்டுகளில் 11.3 சதவீதம். இரண்டு ஆய்விலும் பங்கேற்றவர்கள் வெவ்வேறு மாணவிகள். அந்த மூன்று ஆண்டுகளில் வேறு மாற்றங்களும் நடந்திருக்கும். அதனால் எல்லாப் பழியையும் தொலைக்காட்சி மேல் போட்டுவிட முடியாது. ஆனால் அளவுகோல் நகரக்கூடியது, அதுவும் வேகமாக நகரக்கூடியது என்பதை அந்த எண்கள் மறுக்க முடியாதபடி சொல்கின்றன. தொலைக்காட்சியில் வந்தவர்கள் எங்கோ இருந்த நடிகைகள். இன்று திரையில் வருவது வகுப்புத் தோழி, அத்தை மகள், கடைசியில் தானேதான்.

லென்ஸ் சொல்லும் பொய்யும் பொத்தான் சொல்லும் பொய்யும்

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று: கேமரா என்றைக்கு உண்மை சொன்னது? லென்ஸே உருவத்தைக் கெடுக்கிறது. இது உண்மை. அமெரிக்க மருத்துவர் போரிஸ் பாஸ்கோவர் குழுவினர் 2018இல் கணக்கிட்டுக் காட்டியபடி, சுமார் ஓர் அடி தூரத்திலிருந்து எடுக்கும் செல்ஃபியில் மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும். அகலக் கோண லென்ஸில் குழுப் படம் எடுத்தால் ஓரத்தில் இருப்பவரின் முகம் பக்கவாட்டில் இழுபடும். அப்படியானால் ஒல்லியாக்குவது ஒரு பிழைதிருத்தம்தானே என்பது வாதம். எச்பியின் விளம்பரமும் இதைத்தான் சொன்னது. ஆனால் பிழையைத் திருத்துவது என்றால், பிழை எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். லென்ஸின் கோணமும் ஆள் நிற்கும் தூரமும் தெரிந்தால் அதைக் கணக்கிட முடியும். 2019இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முறை இதைத்தான் செய்கிறது: ஓரத்தில் இழுபட்ட முகத்தை மட்டும் அதன் இயல்பான வடிவுக்குக் கொண்டுவருகிறது, நடுவில் சரியாக இருப்பவரைத் தொடுவதில்லை. ஒல்லியாக்கும் பொத்தானுக்குத் தூரமும் தெரியாது, கோணமும் தெரியாது. பத்து அடி தள்ளி நின்றாலும் குறைக்கும். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருப்பவரையும் குறைக்கும். எந்தக் கேமராவும் யாரையும் 'லென்ஸ் உங்களை ஒல்லியாகக் காட்டிவிட்டது, கொஞ்சம் சதை போடுகிறேன்' என்று திருத்தியதில்லை. ஒரு பக்கமாக மட்டும் சாயும் திருத்தத்துக்குப் பெயர் தீர்ப்பு.

இரண்டாவது மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. ஓவியர்கள் ராஜாக்களை மெருகூட்டி வரைந்தார்கள். ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் 'டச்சிங்' செய்து அம்மைத் தழும்பை மறைத்தார்கள். கருவிகள்தான் மாறியிருக்கின்றன, ஆசை பழையதுதானே? ஆசை பழையது என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. அந்த ஆசையைக் கேலி செய்யவும் நான் தயாரில்லை. ஆனால் ஸ்டூடியோ டச்சிங்கில் மூன்று தடைகள் இருந்தன. அதைச் செய்தவர் ஒரு மனிதர். எதைத் தொடுவது, எதை விடுவது என்று ஆள் பார்த்து முடிவு செய்தார். சாதாரணக் குடும்பத்துக்குப் படம் என்பது கல்யாணம், காதுகுத்து, பரீட்சை விண்ணப்பம் என்று எப்போதாவது வருவது. மற்ற நாளெல்லாம் முகம் பார்த்தது கண்ணாடியில். கண்ணாடி யாரையும் டச்சிங் செய்வதில்லை. இன்று இந்த மூன்றும் உடைந்துவிட்டன. ஆண்ட்ராய்ட் ஃபோன்களில் எடுக்கும் படங்களில் 70 சதவீதத்துக்கு மேல் முன்பக்கக் கேமராவில் எடுப்பவை என்று கூகுள் 2020இல் சொன்னது. பலருக்கு அந்தக் கேமராதான் இப்போது கண்ணாடி. தலை சீவுவதும் பொட்டைச் சரிசெய்வதும் அதைப் பார்த்துத்தான். எப்போதாவது மெருகேற்றிய படம் ஓர் ஆசை. நாள் முழுக்க மெருகேற்றிக் காட்டும் கண்ணாடி வேறு விஷயம்.

மூன்றாவது, 'என் படம், என் இஷ்டம்' என்பது. நல்ல புடவை கட்டுவதும் மை தீட்டுவதும் போலத்தான் இதுவும், தன்னம்பிக்கை தருகிறது, இதில் அடுத்தவருக்கு என்ன வேலை என்கிறார்கள். சுதந்திரத்தை நான் முழுமையாக மதிக்கிறேன். அதனால்தான் பெரியவர்களுக்குத் தடை கேட்கவில்லை. ஆனால் தன்னம்பிக்கை தருகிறது என்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 110 மாணவிகளிடம் நடந்து 2018இல் வெளியான பரிசோதனையில், செல்ஃபி எடுத்துப் பதிவிட்டவர்களுக்குப் பதற்றம் கூடி, தன்னம்பிக்கையும் அழகாக இருக்கிறோம் என்ற உணர்வும் குறைந்தன. படத்தைத் திருத்த அனுமதிக்கப்பட்டவர்களுக்கும் அந்தப் பாதிப்பு தீரவில்லை. அமெரிக்காவின் முகச் சீரமைப்பு அறுவை மருத்துவர்கள் சங்கம் 2017இல் தன் உறுப்பினர்களிடம் கேட்டபோது, செல்ஃபியில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று வருகிறவர்களைத் தாங்கள் பார்ப்பதாக 55 சதவீதம் பேர் சொன்னார்கள். மை தீட்டியவர் கண்ணாடியில் பார்ப்பது தன் முகத்தையே. அவருக்குத் தான் செய்தது என்னவென்று தெரியும், கழுவினால் போய்விடும். தன்னைக் கேட்காமல் தாடையைக் குறைத்துக் காட்டும் திரையின் முன்னால் நிற்பவரை, அவர் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தார் என்று எப்படிச் சொல்வது?

நான்காவது மறுப்பு நம் ஊருக்கு நேராகப் பொருந்துவது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றுப்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் சொன்னது. இப்படிப்பட்ட சமூகத்தில் ஒல்லி மேல் ஆசை வந்தால் நல்லதுதானே என்கிறார்கள். ஆசை வந்து நடைப்பயிற்சிக்குப் போனால் நல்லதுதான். ஆனால் இந்தக் கேமரா தொப்பையைப் படத்திலிருந்து எடுக்கிறது. ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுப்பதில்லை. ஒல்லியாகத் தெரிவது ஆரோக்கியமும் அல்ல. புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் உடலையே ஆதாரமாக வைத்து எழுதினார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு மெலிந்த இந்திய உடலுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்க முடியும் என்பதே பாடம். நமக்குத் தேவை இடுப்பை அளக்கும் டேப், ரத்தப் பரிசோதனை, நடக்க நடைபாதை. அந்தப் பிரச்சினையைத் திரையிலிருந்து மறைத்துவிடும் கருவி அதற்கு மருந்தாகாது. ஒரு பக்கம் உடல்பருமனும் மறுபக்கம் தன் உடல் மேல் வெறுப்புமாக, இரண்டு நோயும் ஒன்றாகவே வளரும்.

லேபிள் போதாது

உலக நாடுகள் இதுவரை எடுத்த பாதை, எச்சரிக்கை வாசகம். இஸ்ரேல் 2012இல் சட்டம் இயற்றியது: விளம்பரத்தில் மாடலை மெலிதாக்கிக் காட்டினால் அதைச் சொல்ல வேண்டும். பிரான்சில் 2017 அக்டோபர் முதல், உடலை மெலிதாக்கியோ பருமனாக்கியோ திருத்திய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட புகைப்படம்' என்று போட வேண்டும். தவறினால் 37,500 யூரோ வரை அபராதம். நார்வே 2022 ஜூலையில் காசுக்குப் பதிவிடும் இன்ஃப்ளூயன்சர்களையும் இந்த வளையத்துக்குள் கொண்டுவந்தது. நோக்கத்தைப் பாராட்டுகிறேன், ஆனால் பலனில் ஓட்டை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் மரிகா டிக்மன் குழுவினர் பல ஆண்டுகள் நடத்திய பரிசோதனைகளில், இத்தகைய லேபிள்கள் பார்ப்பவரின் மனத்தைக் காப்பாற்றவில்லை. காரணம் முன்பே பார்த்ததுதான். கண்ணின் பழக்கம் கீழ்மட்டத்தில் நடக்கிறது. அது வாசகத்தைப் படித்துவிட்டு நிற்பதில்லை. தவிர, இந்தச் சட்டங்கள் விளம்பரத்தைத்தான் பார்க்கின்றன. தன் ஃபோனில் தன்னையே பார்க்கும் 15 வயதுப் பெண்ணுக்கு எந்த லேபிளும் வருவதில்லை.

ஆகவே கை வைக்க வேண்டிய இடம் கேமராவின் ஆரம்ப நிலை. ஆரம்பத்தில் 'ஆன்' செய்து கொடுப்பதும் 'ஆஃப்' செய்து கொடுப்பதும் ஒன்றுதான், வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாமே என்று நினைப்பவர்கள் உறுப்பு தானக் கணக்கைப் பார்க்கட்டும். எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் 2003இல் 'சயின்ஸ்' இதழில் காட்டியபடி, விருப்பம் தெரிவித்தால் மட்டுமே சேர்க்கும் ஜெர்மனியில் சம்மதித்தவர்கள் 12 சதவீதம். மறுத்தால் மட்டுமே விலக்கும் பக்கத்து ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கு மேல். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்திலேயே மக்கள் கொடுத்த நிலையை மாற்றுவதில்லை; கேமரா மெனுவுக்குள் மூன்றாவது பக்கத்தில் இருக்கும் ஸ்லைடரை யார் தேடிப் போய் அணைப்பார்கள்? இது நடக்காத காரியமும் அல்ல. 2020இல் கூகுள் தன் பிக்ஸல் ஃபோன்களில் முகத் திருத்தத்தை ஆரம்பத்திலேயே 'ஆஃப்' நிலையில் வைக்கத் தொடங்கியது. 'பியூட்டி' என்பது போல மதிப்புச் சொல்லும் வார்த்தைகளையும் எடுத்தது. அந்த ஃபோன்களின் விற்பனை அதனால் நின்றுவிடவில்லை. டிக்டாக்கும் 2024 நவம்பரில், தோற்றத்தை மாற்றும் சில ஃபில்டர்களை 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்தது. செய்ய மனம் இருந்தால் வழி இருக்கிறது.

இந்தியாவில் இதற்கு ஒரு பிடிமானமும் உண்டு. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள், குழந்தைகளை நோக்கிய விளம்பரம் அவர்களுக்குத் தங்கள் உடல் குறித்து எதிர்மறை எண்ணத்தை வளர்க்கக் கூடாது என்கின்றன. விளம்பரம் செய்யக் கூடாததைக் கருவி செய்யலாமா என்பதே அடுத்த கேள்வி. 2020 ஜூனில் மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் மெய்ட்டு, பியூட்டி ப்ளஸ் போன்ற முகத் திருத்தச் செயலிகளும் இருந்தன. ஆனால் அது நாட்டுப் பாதுகாப்பைச் சொல்லி எடுத்த முடிவு. அவை போனதும் அதே வேலையைச் செய்யும் வேறு செயலிகள் அந்த இடத்தை நிரப்பின. செயலியை விரட்டுவதில் பயனில்லை. கருவிக்கு விதி வேண்டும்.

கேட்க வேண்டியவை நான்கு. இந்தியாவில் விற்கும் எந்த ஃபோனிலும் உடலின் வடிவத்தை மாற்றும் வசதி ஆரம்பத்தில் 'ஆஃப்' நிலையிலேயே இருக்க வேண்டும். அதை இயக்கினால், இயங்குகிறது என்பது திரையில் எப்போதும் தெரிய வேண்டும். திருத்திய படத்தோடு அசலும் சேமிக்கப்பட வேண்டும்; 2006இல் ஒரு சாதாரணக் கேமராவால் முடிந்தது இன்று முடியாமல் போக நியாயமில்லை. 18 வயதுக்குட்பட்டவர்களின் கணக்கில் வடிவம் மாற்றும் ஃபில்டர் வரவே கூடாது. இவற்றில் எதுவும் பெரியவர்கள் யாருடைய ஆசைக்கும் குறுக்கே நிற்கவில்லை; வேண்டியவர் வேண்டும்போது இயக்கிக்கொள்ளலாம். வீட்டில் ஃபோன் வாங்கிய அன்றே கேமரா மெனுவைத் திறந்து, அந்த ஸ்லைடரைப் பிள்ளையோடு சேர்ந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. எவ்வளவு மாற்றியிருந்தது என்று அந்தப் பிள்ளை தன் கண்ணால் பார்ப்பது, எந்த எச்சரிக்கை வாசகத்தையும்விட வலுவான பாடம். தன் உடலை இளைக்க வைப்பதா, அப்படியே வைத்துக்கொள்வதா என்பது அவரவர் முடிவு. அந்த முடிவை எடுக்க உண்மையான உருவம் முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதைக் காட்டும் கடமை கேமராவுக்கு உண்டு.